அகராதி தந்த ஜான்சன்

ஆங்கிலத்தில் நம்மைத் திணறடிப்பவை சின்னஞ்சிறு சொற்களே. 'கிவ்' என்றால் கொடு. 'அப்' என்றால் மேலே. சேர்த்தால் 'மேலே கொடு' என்றுதானே வர வேண்டும்? 'கைவிடு' என்று வருகிறது! 'அப்' போய் 'இன்' வந்தாலோ 'பணிந்து போ' என்றாகிறது. அயல்மொழியினர் படும் இந்தப் பாட்டை 1755-ஆம் ஆண்டிலேயே உணர்ந்து எழுதிய ஆங்கிலேயர் டாக்டர் சாமுவேல் ஜான்சன்.

இவர் 1709 செப்டம்பர் 18 அன்று லிச்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். தந்தை புத்தக வியாபாரி. குழந்தைப் பருவத்திலேயே கண்டமாலை நோய் தாக்கிப் பார்வை குன்றியது. ஆயினும் நூல்களே அவருக்குத் தோழர்களாயின. ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்தும் பணமின்மையால் ஓராண்டுக்குச் சற்று மேல் நிலைக்க இயலவில்லை. பள்ளி ஒன்று தொடங்கினார். மிகச் சிலரே சேர்ந்தனர். அதையும் மூடிவிட்டு, 1737-இல் பிழைப்புத் தேடி லண்டன் சென்றார்.

1746-இல் புத்தக வெளியீட்டார் சிலர் கூடி, 1,575 பவுண்டுக்கு ஓர் அகராதி எழுதித் தருமாறு அவருடன் ஒப்பந்தம் செய்தனர். மூன்றாண்டில் முடிப்பதாக எண்ணினார். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆயின. காஃப் சதுக்கத்து வீட்டின் மேல்மாடியில் ஆறு எழுத்தர்களை அமர்த்திக்கொண்டார். நல்லாசிரியர் நூல்களில் அவர் கோடிட்ட வாக்கியங்களை அவர்கள் தாளில் பெயர்த்தெழுதுவர். ஒரு சொல் வழக்கில் எப்படியெல்லாம் வருகிறது என்று பார்த்த பின்னரே பொருள் வகுத்தார். 'டேக்' என்னும் ஒரே வினைக்கு 134 பொருள்கள் கண்டார்! இதற்கிடையில், 1752-இல், அன்பு மனைவியை இழந்தார்.

அகராதியின் முன்னுரையில், வினையின் பின்னால் சிறுசொல் ஒட்டிக்கொண்டு பொருளை மாற்றும் வழக்கமே அயல்நாட்டாருக்குப் பெருந்தடை என்கிறார். 'செட் அவுட்' என்றால் புறப்படு, 'ஃபால் ஆன்' என்றால் தாக்கு என்று உதாரணமும் தருகிறார். சிலவற்றின் பொருள் எவ்வழியில் வந்தது என்பதை எந்த அறிவாளியாலும் கண்டுபிடிக்க முடியாதாம். நமக்கு எத்தனை ஆறுதல்! ஆகவே கிடைத்தவற்றைக் கவனமாகத் தொகுத்தார். விடுபட்டவற்றை இவற்றோடு ஒப்பிட்டு உணரலாம் என்றார். தாய்மொழியை அந்நியர் கண்கொண்டு பார்ப்பது எளிதன்று. நம்மையே பாருங்கள்: 'விட்டுக்கொடு' என்கிறோமே, எதை விட்டோம், எதைக் கொடுத்தோம்? 'பார்த்துக்கொள்' என்பதை வெள்ளைக்காரருக்கு எப்படி விளக்குவோம்?

தமிழில் இறங்குவதற்கு ஒரே சொல் போதும். அதனால் ஆண்டிபட்டியில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது 'கெட் டவுன்' என்கிறோம். ஆங்கிலேயர் பஸ்ஸுக்கு 'கெட் ஆஃப்' என்பர்; காருக்கோ 'கெட் அவுட்'! கோபித்துக்கொள்ளாதீர்கள், தோழியரே.

1755 ஏப்ரல் 15 அன்று, நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களுடன் இரண்டு பெரிய தொகுதிகளாக அகராதி வெளிவந்தது. புகழ் வந்தது, காசு மிஞ்சவில்லை. மறு ஆண்டே ஆறு பவுண்டுக்கும் குறைவான கடனுக்காகக் கைது செய்யப்பட்டார். நாவலாசிரியர் ரிச்சர்ட்சன் பணம் அனுப்பி மீட்டார். 1762-இல் அரசர் ஆண்டுக்கு 300 பவுண்டு உதவித்தொகை வழங்கிய பிறகே வறுமை நீங்கியது. 1784 டிசம்பர் 13 அன்று மறைந்தார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.