சனி ஞாயிறுல நின்ன மெஷின்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கீங்க. லினக்ஸ் போடலாம்னு ராத்திரி டவுன்லோடு போட்டுட்டுத் தூங்குறீங்க. காலையில பார்த்தா பாதியிலேயே நிக்குது. அப்போ வர்ற எரிச்சல் 1947-ல ஒருத்தருக்கும் வந்துச்சு. செமஸ்டர் புக்கில் பேரை மட்டும் படிச்சிட்டுத் தாண்டிப் போற ரிச்சர்ட் ஹேமிங்தான் அவர்.

1915-ல் சிகாகோவில் பிறந்தார். 1942-ல் கணிதத்தில் முனைவர் பட்டம். 1945-ல் லாஸ் அலமாஸில் அணுகுண்டுத் திட்டத்தின் கணக்கு மெஷின்களை ஓட்டும் வேலை. மறு வருஷம் பெல் லேப்ஸ்.

அங்கே இருந்தது ரிலே கம்ப்யூட்டர். வார நாளில் பிழை வந்தால் மெஷின் நின்றுவிடும், ஆபரேட்டர் சரி செய்வார். சனி ஞாயிறு ஆபரேட்டர் கிடையாது. அந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும். ஹேமிங்குக்குக் கிடைத்ததோ சனி ஞாயிறு மட்டும்தான். தொடர்ந்து இரண்டு வாரம் அவர் கணக்கு அம்போ. பிழை இருக்குன்னு மெஷினுக்குத் தெரியுது, எங்கே இருக்குன்னு ஏன் தெரியக் கூடாது? அவர் கேள்வி அதுதான்.

விடை ரொம்ப எளிமை. 4 பிட் தகவலோடு 3 பிட் காவலுக்கு. காவல் பிட்கள் 1, 2, 4-ஆம் இடங்களில் நிற்கும். ஒவ்வொன்றும் வேறு வேறு கூட்டத்தின் பாரிட்டியைப் பார்க்கும். 1-உம் 4-உம் தப்பு சொன்னால் கூட்டுங்க: 5-ஆவது பிட் தப்பு. அதைத் திருப்பிப் போட்டால் முடிஞ்சது. ஆனா ஒரே நேரத்தில் இரண்டு பிட் கெட்டால் இது ஏமாந்துபோகும்.

பேடன்ட் வேலையால் கட்டுரை வெளிவர 1950 ஆனது. 1968-ல் டூரிங் விருது. 1976 முதல் மான்டரே கடற்படைக் கல்லூரியில் பாடம் எடுத்தார். 1997 டிசம்பரில் கடைசி வகுப்பு. 1998 ஜனவரி 7-ல் மாரடைப்பில் மறைந்தார்.

உங்க டவுன்லோடில் பாக்கெட் தொலைஞ்சா டிசிபி திரும்ப அனுப்பச் சொல்லும். கேட்க எதிர்முனையில் ஆள் இருக்கு. சர்வரின் ஈசிசி ரேமில் ஒரு பிட் புரண்டால் யாரைக் கேட்பது? அங்கே இன்னைக்கும் வேலை செய்வது ஹேமிங் வழியில் வந்த கோடுகள்தான்.

பென்டிரைவில் ஏத்துறதுக்கு முன்னாடி ஐஎஸ்ஓ ஃபைலின் செக்சம்மை ஒப்பிட்டுப் பாருங்க. அது தப்புன்னு மட்டும் சொல்லும், இடத்தைச் சொல்லாது. ஹேமிங்குக்குப் போதாமல் போனது அந்தப் பாதி பதில்தான்.