விபுலாநந்த அடிகள் என்னும் ஆசிரியர்

யாழ் நூல் என்றதும் விபுலாநந்த அடிகளாரின் பெயரும், அடிகளார் என்றதும் யாழ் நூலும் எம்மவர் நினைவில் எழுகின்றன. கலைவிழா மேடைகளில் அவருடைய படத்துக்கு மாலை சூட்டி, மறைந்துபோன தமிழ் யாழை ஆராய்ந்து மீட்டுத் தந்த பெரியார் என்று போற்றுகிறோம். அப்போற்றுதல் தகும். ஆயினும் அடிகளார் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டது பாடசாலைகளிலேயே. ஆசிரியராகவும் அதிபராகவும் பல பாடசாலைகளின் முகாமையாளராகவும் உழைத்த அந்த மனிதரை மேடையில் நினைவுகூர்வோர் சிலரே. அவரைப் பற்றியே இம்மலரில் எமது மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோருக்கும் சொல்ல விழைகிறோம்.

ஈழத்தின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புக்குத் தெற்கே, வயலும் கடலும் சூழ்ந்த ஊர் காரைதீவு. (யாழ்ப்பாணத்துக் காரைநகருக்கும் முன்னாளில் இதே பெயர் வழங்கியது, பிள்ளைகள் இரண்டையும் ஒன்றென மயங்கலாகாது.) அவ்வூரில் 1892ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் சாமித்தம்பி, கண்ணம்மை என்போருக்கு மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். கல்முனையிலும் பின்னர் மட்டக்களப்பு அர்ச். மைக்கேல் கல்லூரியிலும் கற்று, பதினாறு வயதிலேயே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியடைந்தார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1916ஆம் ஆண்டில் விஞ்ஞான டிப்ளோமாத் தேர்விலும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விலும் வெற்றியீட்டினார். யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே படித்து, 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியானார். அதன்பின் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவி அவரைத் தேடி வந்தது.

இவற்றையெல்லாம் நாம் வரிசையாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. படிப்பு வாராதவர்களே பொதுத்தொண்டுக்குப் போவார்கள் என்னும் எண்ணம் எம்மவரிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. பிள்ளை எத்தனை புள்ளி பெற்றான் என்று கேட்கும் பெற்றோர், அவன் யாருக்கு உதவினான் என்று கேட்பது அரிது. போரினால் வீடும் காணியும் இழந்து வந்த எமக்குக் கல்வி ஒன்றே மிஞ்சிய முதல். ஆகவே அக்கவலையை நாம் குறைவாகப் பேசமாட்டோம். ஆனால் மயில்வாகனனாரும் எளிய ஊரிலிருந்து பரீட்சைகளின் வழியாகவே ஏறி வந்தவர். அக்காலத்தில் ஓர் ஈழத்துத் தமிழிளைஞர் அடையக்கூடிய உயர்ந்த தகுதிகளை அவர் அடைந்திருந்தார். எனவே, வேறு வழியின்றித் தொண்டுக்குப் போனவர் என்று அவரை எவரும் சொல்ல இயலாது.

1922ஆம் ஆண்டு அதிபர் பதவியையும் சம்பளத்தையும் துறந்து சென்னை மயிலாப்பூரிலுள்ள இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார். பிரபோத சைதன்யர் என்னும் பெயருடன் பயின்று, 1924இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தரானார். மக்களுக்குச் செய்யும் பணியையே இறைபணியாகக் கொள்வது இராமகிருஷ்ண சங்கத்தின் நெறி. எனவே, துறவு பூண்டவர் குகைக்குப் போகவில்லை. 1925இல் ஈழத்துக்குத் திரும்பிப் பாடசாலைக்கே வந்தார்.

வட, கிழக்கு மாகாணங்களில் இராமகிருஷ்ண சங்கத்துப் பாடசாலைகளை நடத்தும் பொறுப்பு அவருடையதாயிற்று. நல்ல ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கட்டணம் செலுத்த வல்லார்க்கே கிட்டிய காலம் அது. இலங்கையில் இலவசக் கல்வி 1945இலேயே வந்தது. அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்னர், 1929இல், மட்டக்களப்பு வாவிக்கு அப்பாலுள்ள கல்லடி உப்போடையில் தம் குருவின் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். தாய் தந்தையற்ற பிள்ளைகளுக்கும் வறிய பிள்ளைகளுக்கும் இல்லங்கள் அமைத்துக் கற்பிப்பது அப்பணியின் பகுதியாயிற்று. விடுதியுள்ள பாடசாலையில் படிப்பித்தவர்கள் ஒன்றை அறிவார்கள். ஆதரவற்ற பிள்ளையோடு ஒரே வாங்கில் இருந்து, ஒரே பந்தியில் உண்டு, முறை வைத்துச் சோறு பரிமாறி வளரும் மாணவனுக்கு ஒழுக்கம் என்பது தனிப் பாடமன்று. அது அவனுடைய அன்றாடம்.

இவ்வாறிருக்கையில் 1931இல் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. அங்கு அவர் செய்ததே எம் உள்ளத்தை மிகவும் கவர்கிறது. பகலிற் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்த பேராசிரியர், அயலிலிருந்த தாழ்த்தப்பட்ட மக்களின் சேரிக்குச் சென்று அங்குள்ள பிள்ளைகளுக்கும் கற்பித்தார். சென்னை மாகாணத்திற் கோயில் நுழைவுச் சட்டம் வந்ததே 1939இல். அதற்கு முந்திய அந்நாளில், காவியுடை தரித்த ஒருவர், அதிலும் பேராசிரியர், சேரிக்குட் செல்வது ஊரார் எளிதிற் பொறுக்கும் காரியமன்று. பட்டப்படிப்பு மாணவனுக்கும் அரிச்சுவடி எழுதும் சேரிச் சிறுவனுக்கும் ஒரே ஆசிரியர்!

1933இல் அப்பதவியையும் விட்டுத் தம் பாடசாலைகளுக்கு மீண்டார். பின்னர் இமயத்து மாயாவதியில் இருந்து பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கிலத் திங்களிதழை நடத்தினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். இத்தனைக்கும் இடையிலேதான் யாழ் ஆராய்ச்சியும் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் நடந்தது. நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டு அறிய, அவர் இளமையிற் கற்ற கணிதமும் பௌதிகமும் துணை நின்றன. விஞ்ஞானம் படிக்கும் எம் பிள்ளைகள் இதைக் கவனித்தல் நன்று. 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. மறுமாதம் 19ஆம் நாள் கொழும்பில் அடிகளார் மறைந்தார்.

அவருடைய திருமேனி கல்லடி உப்போடைக்குக் கொண்டுவரப்பட்டுச் சிவானந்த வித்தியாலய வளவிலேயே அடக்கம் செய்யப்பட்டது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் இலங்கை அரசு உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது, அடிகளார் வளர்த்த பாடசாலைகளும் அரசின் கைக்கு மாறின. பிள்ளைகளின் இல்லங்களை இராமகிருஷ்ண சங்கமே தொடர்ந்து நடத்தியது.

எமது பள்ளியில் வருந்தவணை முதல் மேல்வகுப்பு மாணவர்கள், தம் வகுப்பு முடிந்தபின் அரைமணி நேரம் பாலர் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்து எழுத்துப் பயிற்றுவர். இதற்குப் புள்ளியுமில்லை, பரிசுமில்லை. பெற்றோர் அந்த அரைமணி நேரம் வாசலிற் பொறுத்திருந்து பிள்ளைகளை அழைத்துச் செல்லுமாறு அன்புடன் வேண்டுகிறோம்.