மதுரையில் பிறந்த தருக்கவியலார்: அகஸ்டஸ் டி மார்கன்

கணிப்பொறிக்கு நிரல் எழுதப் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் முதல் ஆண்டிலேயே டி மார்கன் விதிகள் என இரண்டனைக் கற்கின்றனர். அவ்விதிகளுக்குப் பெயர் தந்தவர் பிறந்த ஊர் மதுரை என்பதை அவருள் அறிந்தோர் சிலரே. தமிழிலக்கிய அன்பர்களிடையேயும் அப்பெயர் பரவவில்லை. மொழிக்கும் சிந்தனைக்கும் உள்ள உறவைத் தம் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த ஒருவருக்கு இது பொருந்தாத மறதியாகும்.

அகஸ்டஸ் டி மார்கன் 1806 சூன் 27இல் பிறந்தார். தந்தையார் ஜான் டி மார்கன் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. குழந்தை பிறந்த பதின்மூன்றாம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். பிறந்த சிறிது காலத்திலேயே குழந்தையின் வலக்கண் பார்வை இழந்தது. ஏழாம் மாதத்தில் குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. தந்தையார் பணியின் பொருட்டு மீண்டும் இந்தியா வந்து, 1816இல் தாயகம் திரும்பும் வழியில் கடலிலேயே இறந்தார். மகனுக்கு அப்போது வயது பத்து. மதுரையை அவர் பின்னர் ஒருபோதும் காணவில்லை. ஆயினும் தம்மை ஆங்கிலேயர் என்றோ, ஸ்காட்லாந்தியர் என்றோ, அயர்லாந்தியர் என்றோ சொல்லிக்கொள்ளாமல், எந்நிலத்தோடும் ஒட்டாத பிரித்தானியர் என வேடிக்கையாகக் கூறிவந்தார்.

1823இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். 1827ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். மேற்பட்டமும் கல்லூரிப் பதவியும் பெற வேண்டுமாயின் இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்பதாகக் கையொப்பமிட வேண்டும். அவர் கையொப்பமிட மறுத்தார். சமயச் சோதனை வைக்காத புதிய கல்விக்கூடம் ஒன்று இலண்டனில் அப்போது தோன்றியிருந்தது. பின்னாளில் அது யூனிவர்சிட்டி கல்லூரி எனப்பட்டது. அங்கே 1828இல், இருபத்திரண்டு நிரம்பும் முன்னரே, கணிதப் பேராசிரியர் ஆனார். 1831இல் உடனாசிரியர் ஒருவரை நிருவாகம் முறையின்றி நீக்கியதற்காகப் பதவி துறந்தார், 1836இல் திரும்பினார். மறு ஆண்டு சோபியா பிரெண்ட் அம்மையாரை மணந்தார்.

1840 முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கவிஞர் பைரனின் மகள் ஏடா லவ்லேசுக்கு அஞ்சல் வழிக் கணிதம் கற்பித்தார். ஒரு குறியீடு எதைக் குறிக்கிறது, எங்கே அதன் பொருள் மாறுகிறது என்னும் ஐயங்களே அம்மையார் கடிதங்களில் மிகுதி. ஆசிரியர் அவற்றுக்குப் பொறுமையாக விடை தந்தார். அம்மையாரின் சிந்தனையாற்றலை வியந்த அவர், அவ்வளவு கடும் உழைப்பைப் பெண்ணுடல் தாங்காது எனவும் அஞ்சினார். அக்காலத்துப் பிழை அவரையும் விடவில்லை. 1843இல் சார்லஸ் பாபேஜின் பகுப்புப் பொறியைப் பற்றி லவ்லேஸ் எழுதிய குறிப்புகள், அப்பொறி எண்களை மட்டுமன்றி இசை போன்ற பிறவற்றையும் குறியீடுகள் வழியே கையாளக்கூடும் எனக் கண்டன. அப்பொறி முழுமையாகக் கட்டப்பெறவே இல்லை. இயந்திரத்துக்கு மொழி வகுக்கும் எண்ணமோ அங்கேயே முளைத்துவிட்டது.

டி மார்கனின் பெரும்பணி தருக்கவியலில் அமைந்தது. அரிஸ்டாட்டில் வகுத்த வாய்பாடுகளே அதுவரை ஈராயிரம் ஆண்டுகளாகப் போதும் எனக் கருதப்பட்டன. அவை போதா என்பதைக் காட்ட அவர் எடுத்த எடுத்துக்காட்டு மிக எளியது. குதிரைகள் எல்லாம் விலங்குகள். ஆகவே குதிரையின் தலை விலங்கின் தலையே. சிறு குழந்தையும் ஏற்கும் இம்முடிவைப் பழைய வாய்பாடு எதனாலும் பெற இயலாது. காரணம், அதில் ஒரு பொருளுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள உறவு நுழைகிறது. தமிழிலக்கணம் ஆறாம் வேற்றுமை எனக் கூறும் உடைமைப் பொருள் அது. உறவுகளுக்கென அவர் 1860இல் தனித் தருக்கம் வகுத்தார். அமெரிக்கரான பெர்ஸ் அதனை வளர்த்தார். 1970இல் காட் என்பார் தரவுகளைச் சேமிக்கும் முறையை உறவுகளின் கணிதத்தின்மேல் அமைத்தார். இன்று வங்கிக் கணக்கும் தொடர்வண்டி இருக்கைப் பதிவும் பெரும்பாலும் அவ்வடித்தளத்தில் இயங்குகின்றன.

இனி அவர் பெயரால் வழங்கும் விதிகள். இரண்டும் சேர்ந்து உண்மை அல்ல என்பது, இரண்டில் ஒன்றேனும் உண்மை அல்ல என்பதற்குச் சமம். இரண்டில் ஒன்றேனும் உண்மை என்பதை மறுத்தால், இரண்டுமே உண்மை அல்ல என்றாகும். இடைக்கால அறிஞர் ஒக்காமும் இவற்றைச் சொல்லால் அறிந்திருந்தார்; குறியீட்டுத் தருக்கத்துக்குள் கொண்டுவந்த பெருமை டி மார்கனுடையது.

நெல்லித்தோப்புக் கடைத்தெருவில் ஒருவர் காப்பியும் தேநீரும் வேண்டா என்கிறார். அவர் மறுப்பது இரண்டையும் என்பதில் கடைக்காரர்க்கு ஐயமில்லை. இதே தொடரைச் சொல்லுக்குச் சொல் நிரலாக மாற்றும் மாணவர், இரண்டையும் முதலில் சேர்த்துப் பின் அச்சேர்க்கையை மறுத்துவிடுவார். காப்பி மட்டும் வேண்டாதவரும் அப்போது அதே பட்டியலில் புகுந்துவிடுவார். தமிழில் உம்மை ஏற்ற பெயர்கள் ஒவ்வொன்றையும் எதிர்மறை சென்று தொடுகிறது. நிரல்மொழியில் மறுப்பு எங்கே நிற்கிறதோ அங்கிருந்தே அதன் ஆட்சி தொடங்கும்.

முற்றும்மையோ வேறு வழி செல்லும். பத்தையும் கொடாதே என்றால் சிலவற்றைக் கொடு என்னும் குறிப்பு அதில் எழலாம் எனப் பழைய உரையாசிரியர்கள் கண்டனர். உம்மைக்கு எட்டுப் பொருள் கூறிய தொல்காப்பியர், முற்றும்மை எச்சப்பொருள் தருதலும் உண்டு என்று அதற்கு இடமளித்துள்ளார். முழுமையை மறுத்தால் எஞ்சுவது என்ன என்பதே டி மார்கனின் வினாவும். தருக்கத்தின் விடை, ஒன்றேனும் கொடுக்கப்படாது என்பதோடு நிற்கும். சில கொடுக்கப்படும் என்று உறுதி கூறாது. கேட்பவர் மனமோ அவ்வெல்லையைக் கடந்து குறிப்பையும் கொள்கிறது. கவிதை வாழ்வது அக்கடப்பில்தான். புதுச்சேரியில் பிரெஞ்சு பயின்றோர் மற்றொன்றும் அறிவர்: அம்மொழியில் வினையின் இருபுறமும் இரு எதிர்மறைச் சொற்கள் நின்றும் மறுப்பு ஒன்றே. தமிழிலோ இல்லாமல் இல்லை என்றால் உண்டு என்றாகும். மொழிகள் தம் கணக்கைத் தாமே வகுத்துக்கொள்கின்றன.

சில என்னும் சொல்லைப் பற்றி அவர் நடத்திய போரும் இவ்வகையினதே. அச்சொல் எல்லாவற்றையும் உள்ளடக்கலாமா, சில மட்டும் என்றே பொருள்படுமா? எடின்பரோவின் சர் வில்லியம் ஹாமில்டன் இது போன்றவற்றில் வேறுபட்டதோடு, தம் கருத்தை டி மார்கன் களவாடியதாகவும் குற்றஞ்சாட்டினார். குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. அச்சண்டையால் தூண்டப்பெற்ற ஜார்ஜ் பூல் தம் தருக்க நூலை எழுதினார். டி மார்கனின் முறைசார் தருக்கமும் பூலின் நூலும் 1847 என்னும் ஒரே ஆண்டில் வெளிவந்தன. தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் கிளாட் ஷானன் பூலின் இயற்கணிதத்தை மின்சுற்றுகளுக்குப் பொருத்தினார். கணிப்பொறிக்கு வழி திறந்தது.

இந்தியாவை அவர் மறக்கவில்லை. தில்லி ஆசிரியர் இராமச்சந்திரர் நுண்கணிதத்தின் துணையின்றிப் பெருமச் சிறுமக் கணக்குகளுக்குத் தீர்வு கண்டு 1850இல் வெளியிட்ட நூலை, 1859இல் தம் முன்னுரையுடன் இலண்டனில் மறுபதிப்புச் செய்வித்தார். கணிதத்தை நிறுவிய கிரேக்கமும் சமற்கிருதமும் வழங்கிய இரு மக்களே தருக்கத்தையும் தனித்தனியே படைத்தனர் என்பது அவர் கண்டறிந்து வியந்த செய்தி. தமிழ் இலக்கண மரபு அவர் கண்ணில் படாமற்போனது நல்லூழன்று.

கணிதமும் தருக்கமும் அறிவின் இரு கண்கள். ஒவ்வொரு கூட்டத்தாரும் மற்றதைக் குத்திக்கொண்டு ஒற்றைக்கண்ணால் நன்கு காண்பதாக நம்புகின்றனர் என்னும் கருத்தை அவர் எழுதினார். எண்ணையும் எழுத்தையும் கண்ணெனக் கொண்ட நிலத்தில் பிறந்து, ஒரு கண்ணை அங்கேயே இழந்தவர் எழுதியது அது.

1865இல் இலண்டன் கணிதக் கழகத்தின் முதல் தலைவரானார். அதைத் தோற்றுவிக்க முன்னின்றவருள் அவர் மகன் ஜார்ஜும் ஒருவர். 1866இல் யூனிடேரியன் போதகர் ஜேம்ஸ் மார்டினோவுக்குத் தருக்கவியல் பேராசிரியர் பதவியைக் கல்லூரி மறுத்தது. சமய நடுநிலையைக் கைவிட்ட இடத்தில் தமக்கு வேலையில்லை எனக் கருதி, அறுபது வயதில், வேறு பிழைப்புத் தேடாமலே விலகினார். அரச கழக உறுப்பினர் பதவியையும் எடின்பரோவின் மதிப்புறு பட்டத்தையும் வேண்டாதவர், தம் உருவத்தைக் கல்லூரியில் வைக்க மாணாக்கர் விரும்பியபோதும் இணங்கவில்லை. 1867இல் ஜார்ஜ் இறந்தார். 1870இல் மகள் ஒருவரும் மறைந்தார். உடலும் உள்ளமும் தளர்ந்த டி மார்கன் 1871 மார்ச்சு 18இல் காலமானார். அவர் அரிதின் தேடிய, ஓரங்களில் குறிப்பெழுதிய நான்காயிரத்தை ஒட்டிய நூல்களை ஓவர்ஸ்டோன் பிரபு விலைக்கு வாங்கி இலண்டன் பல்கலைக்கழகத்துக்கு வழங்கினார். அவை இன்றும் அந்நூலகத்தில் உள்ளன.