புதுச்சேரியை வளர்த்த பிரான்சுவா மார்த்தேன்

புதுச்சேரி என்றதும் துய்ப்ளேயின் பெயரே பலருக்கு நினைவில் எழும். படைபலத்தால் ஒரு பேரரசை அமைக்க முயன்று, தோல்வியுற்றுத் தாயகம் திரும்பிய அவரைப் பற்றிச் சரித்திர நூல்கள் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. அவர் கவர்னராவதற்கு ஏறக்குறைய 70 ஆண்டுகளுக்கு முன்பே, கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் காலூன்றி அதனைப் பட்டினமாக வளர்த்த பிரான்சுவா மார்த்தேனைப் பற்றி நாம் அறிந்தது சொற்பமே.

மார்த்தேன் 1634-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தவர். பிரபு குலத்தவர் அல்லர். மளிகை வியாபாரத்தோடு தொடர்புடைய குடும்பம் அவருடையது. திருமணத்திற்குப் பின் வாழ்க்கையை நடத்த வழியின்றி, மந்திரி கோல்பேர் 1664-இல் தோற்றுவித்த கிழக்கிந்தியக் கம்பெனியில் ஒரு சிறிய உத்தியோகத்தை ஏற்றார். மனைவியைப் பிரான்சிலேயே விட்டுவிட்டு, 1665-இல் கப்பல் ஏறினார். அதன் பின்னர் அவர் தாயகத்தைக் காணவே இல்லை. அவருடைய மனைவி இந்தியாவுக்கு வந்து அவரோடு சேர்வதற்குள் இருபது ஆண்டுகள் உருண்டோடிவிட்டன.

மடகாஸ்கர், சூரத், மசூலிப்பட்டினம் என்று கம்பெனி அனுப்பிய இடங்களிலெல்லாம் பணிபுரிந்தார். 1672-இல் பிரெஞ்சுக் கடற்படை சாந்தோமைக் கைப்பற்றியது. கோல்கொண்டாப் படையும் டச்சுக்காரரும் அதனை முற்றுகையிட்டனர். அச்சமயம் வாலிகண்டபுரத்திலிருந்து பீஜப்பூர் சுல்தானின் சார்பில் ஆண்டுவந்த ஷேர்கான் லோதி, புதுச்சேரியில் தங்கி வாணிபம் செய்யப் பிரெஞ்சுக்காரருக்கு அனுமதி அளித்தார். 1674-இல் சாந்தோம் வீழ்ந்தது. மார்த்தேன் ஒரு சிறு கூட்டத்துடன் புதுச்சேரியிலேயே நிலைத்தார்.

அவர் அந்த ஊரை உண்டாக்கினார் என்று கூறுவது மிகை. அங்கே நெசவாளர் இருந்தனர்; துணி வாணிபமும் இருந்தது. அருகிலுள்ள அரிக்கமேட்டிலோ ரோமானியர் காலத்திலேயே கடல் வணிகம் செழித்திருந்தது. மார்த்தேன் செய்தது, அந்த நெசவாளரையும் வணிகரையும் ஊரைவிட்டுப் போகாமல் காத்து, மேலும் பலரை வரவழைத்ததே.

அவருடைய கையில் பணமும் இல்லை, படையும் இல்லை. பாரிசிலிருந்து கப்பல்கள் எப்போதோ வரும். வராத ஆண்டுகளும் உண்டு. ஆயினும் அரசியல் காற்று எப்பக்கம் வீசுகிறது என்பதை அறிவதில் அவரை மிஞ்சியவர் எவருமில்லை. ஷேர்கானுக்குக் கடன் கொடுத்து நட்பை வளர்த்தார். 1677-இல் சத்ரபதி சிவாஜி தெற்கே படையெடுத்து வந்து ஷேர்கானை முறியடித்தபோது, மார்த்தேன் ஒரு பிராமணத் தூதரை அனுப்பிச் சமாதானம் வேண்டினார். ஷேர்கானுக்கு உதவுவதில்லை என்ற நிபந்தனையின் பேரில், தொடர்ந்து தங்கவும் அனுமதி பெற்றார். நேற்றைய நண்பரை இப்படிக் கைவிட்டது அறமா என்று கேட்கலாம். அவர் வணிகர், வணிகரின் கணக்கில் அக்கேள்விக்கு இடமில்லை போலும்.

இடையில் சில ஆண்டுகள் சூரத்தில் பணியாற்றிவிட்டு, 1686-இல் மீண்டும் புதுச்சேரி வந்தார். ஆனால் சோதனை காத்திருந்தது. செஞ்சிக் கோட்டையில் முகலாயரின் முற்றுகைக்கு ஆளாகிப் பணமுடையில் தவித்த மராட்டிய மன்னர் ராஜாராம், புதுச்சேரியை டச்சுக்காரருக்கு விலைபேசி விற்றுவிட்டார். 1693-இல் டச்சுக் கப்பற்படை கரையோரம் வந்து நின்றது. எதிர்த்து நிற்க மார்த்தேனிடம் இருந்தவர்கள் சில பத்து ஐரோப்பியரும் சில நூறு நாட்டுச் சிப்பாய்களுமே. செப்டம்பரில் பணிந்தார், படேவியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். பின்னர் தம் மருமகன் தெலாந்து வங்காளத்தில் நிறுவியிருந்த சந்திரநாகூர் பண்டகசாலையை அடைந்தார்.

இருபது ஆண்டு உழைப்பு ஒரே மாதத்தில் பறிபோயிற்று. வயதோ அறுபதை நெருங்கிவிட்டது. மனம் உடைந்து ஒதுங்குவதற்கு இதற்குமேல் காரணம் வேண்டுமோ? ஆனால் 1697-இல் ரைஸ்விக் உடன்படிக்கை புதுச்சேரியைப் பிரான்சுக்குத் திருப்பி அளித்ததும், அதை ஏற்கச் சென்றவர் அவரே. டச்சுக்காரர் அங்கே எழுப்பியிருந்த அரண்களுக்காக 16,000 வராகன் கொடுத்து, 1699-இல் ஊரை மீட்டார். நேர்கோடாக வீதிகளை அமைக்கும் நகர்த் திட்டமும் டச்சுக்காரர் விட்டுச் சென்றதே. இன்று புதுச்சேரிக்குச் செல்பவர்கள் பிரெஞ்சு அழகு என்று வியந்து போற்றும் வீதிகளுக்குப் பகைவர் போட்ட கோடே அடிப்படை!

1701-இல் புதுச்சேரி இந்தியாவிலிருந்த பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமையிடமாயிற்று. அவ்வாண்டிலேயே ஒரு சிக்கலும் மூண்டது. வேதபுரீசுவரர் கோயிலை அகற்ற வேண்டுமென ஏசு சபைப் பாதிரிமார் வற்புறுத்தினர். ஊர் மக்கள் கொதித்தெழுந்தனர். நெசவாளரும் வணிகரும் வெளியேறினால் புதுச்சேரியில் மிஞ்சுவது மணல்மேடே என்பதை மார்த்தேன் அறியாதவர் அல்லர். முயற்சி கைவிடப்பட்டது. அந்த விவேகம் பின்வந்தோரிடம் இல்லை. 1748-இல் துய்ப்ளேயின் ஆட்சியில் அக்கோயில் இடித்துத் தள்ளப்பட்டது.

முதுமையிலும் அவர் ஓயவில்லை. புதிய கோட்டை ஒன்றை எழுப்பி, மன்னர் லூயியின் பெயரைச் சூட்டினார். 1706 ஆகஸ்டில் கோட்டையின் திறப்பு விழா கோலாகலமாக நடைபெற்றது. அவ்வாண்டு டிசம்பர் இறுதியில், தமது 72-ஆம் வயதில் மார்த்தேன் காலமானார். கோட்டைக்குள்ளேயே அவரை அடக்கம் செய்தனர். கோடிக்கணக்கில் பொருள் கைமாறிய வணிகத்தை நடத்தியவர் பெருஞ்செல்வம் எதையும் சேர்த்து வைக்கவில்லை.

1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது, கோட்டையைத் தரைமட்டமாக்கினர். மார்த்தேனின் கல்லறையும் அதனோடு மறைந்தது. கோட்டை நின்ற இடத்தில் இப்போது பாரதி பூங்கா இருக்கிறது. மாலை வேளைகளில் அங்கே குழந்தைகள் விளையாடுகின்றனர். கம்பெனியின் அலுவல்களையும் தென்னாட்டு மன்னர்களின் பூசல்களையும் அவர் பொறுமையோடு எழுதி வைத்த நினைவுக் குறிப்புகள் மட்டும் பிரான்சில் தப்பிப் பிழைத்து, 1931-ஆம் ஆண்டு முதல் மூன்று தொகுதிகளாக அச்சேறின.