சீனா மறக்காத நம் டாக்டர்

உங்கள் வீட்டில் சோலாப்பூர் போர்வை இருக்கிறதா? மகாராஷ்டிரத்தில் உள்ள அந்தச் சோலாப்பூரில்தான் 1910 அக்டோபர் 10ஆம் தேதி துவாரகாநாத் கோட்னிஸ் பிறந்தார். நம் ஊர்ப் பக்கம் இந்தப் பெயரைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். சீனாவிலோ இவருக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். ஏன் தெரியுமா?

1937ஆம் ஆண்டு ஜப்பான் சீனாவின் மீது படையெடுத்தது. காயம்பட்டவர்களைக் கவனிக்கப் போதிய டாக்டர்கள் அங்கே இல்லை. தளபதி சூ டே, டாக்டர்களை அனுப்பி உதவும்படி நேருவுக்குக் கடிதம் எழுதினார். அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்தவர் சுபாஷ் சந்திர போஸ். அவர் மக்களிடம் வேண்டுகோள் விடுத்தார். 22,000 ரூபாய் சேர்ந்தது. ஓர் ஆம்புலன்சும் கிடைத்தது.

கல்லிடைக்குறிச்சியில் நான் வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு பையனாவது எழுந்து, நாமே வெள்ளைக்காரர்களிடம் அடிமைப்பட்டிருந்தபோது அடுத்த நாட்டுக்கு எதற்கு உதவி என்று கேட்பான். நல்ல கேள்விதான். அந்நியரிடம் நாட்டைப் பறிகொடுப்பது எப்படி இருக்கும் என்று நம்மவர்களுக்குத் தெரிந்திருந்ததால்தான் கொடுத்தார்கள்.

புறப்பட முன்வந்த டாக்டர்கள் ஐந்து பேர். அவர்களில் ஒருவர் பம்பாயில் மருத்துவம் படித்து முடித்திருந்த கோட்னிஸ். 1938 செப்டம்பரில் கப்பல் ஏறினார்கள். சில மாதங்களிலேயே கோட்னிஸின் தந்தை இறந்துவிட்ட செய்தி வந்தது. ஊருக்குத் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போகவில்லை.

வட சீனத்து மலைக் கிராமங்களே அவருடைய மருத்துவமனைகள் ஆயின. மருந்து குறைவு, குளிர் அதிகம். 1940இல் நடந்த ஒரு நீண்ட சண்டையின்போது 72 மணி நேரம் தூங்காமல் அறுவை சிகிச்சை செய்திருக்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்று பகல், மூன்று இரவு! அந்தச் சண்டையில் காயமடைந்த 800க்கும் அதிகமானோருக்கு அவர் சிகிச்சை அளித்தார்.

சீன மொழியைக் கற்றுக்கொண்டு, அந்த மொழியிலேயே மாணவர்களுக்கு மருத்துவப் பாடமும் நடத்தினார். ஓர் ஆசிரியனாக எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். 1941இல், சீனர்களுக்குத் தொண்டு செய்து உயிர்விட்ட கனடா நாட்டு டாக்டர் நார்மன் பெத்தூன் பெயரிலான மருத்துவமனைக்குத் தலைவரானார். அங்கே செவிலியர் பயிற்சி ஆசிரியையாக இருந்த குவோ சிங்லான் என்ற சீனப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். 1942 ஆகஸ்டில் மகன் பிறந்தான். பெயர் இன்ஹுவா. இன் என்றால் இந்தியா, ஹுவா என்றால் சீனா.

அந்தக் குழந்தைக்கு நான்கு மாதம்கூட நிறையவில்லை. ஓயாத உழைப்பில் உடல் நலிந்திருந்த கோட்னிஸ், 1942 டிசம்பர் 9 அன்று வலிப்பு நோயால் இறந்தார். வயது 32. அறுவை மருத்துவம் பற்றி அவர் எழுதிக்கொண்டிருந்த பாடநூல் பாதியில் நின்றது. மருத்துவம் படித்த இன்ஹுவாவும் பின்னர் 24 வயதிலேயே இறந்துபோனார் என்பது இன்னொரு துயரம்.

அதே போர்க்காலத்தில் அமெரிக்க விமானிகள் சிலர், பறக்கும் புலிகள் என்ற பெயரில் தொண்டர் படையாக வந்து, 1941 டிசம்பரிலிருந்து ஜப்பானிய விமானங்களோடு மோதினார்கள். அவர்களையும் சீனர்கள் நன்றியோடு நினைக்கிறார்கள்.

இந்தியாவும் சீனாவும் 1962இல் போரிட்டது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகும் கோட்னிஸ் மீதிருந்த அன்பு குறையவில்லை. 1982இல் சீனா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. நம் நாடு வெளியிட்டது 1993இல்தான்! 2013இல் மும்பை வந்த சீனப் பிரதமர் லீ கெச்சியாங், 90 வயதைத் தாண்டியிருந்த கோட்னிஸின் தங்கையைத் தேடிச் சந்தித்தார்.

ஆடி அமாவாசையன்று நாம் தாமிரபரணிக் கரையில் முன்னோரை நினைத்து வழிபடுகிறோம் அல்லவா? சீனர்களுக்கும் ஏப்ரல் மாதத்தில் அப்படி ஒரு நாள் உண்டு. அன்று ஷிஜியாஜுவாங் நகரில் உள்ள கோட்னிஸின் கல்லறையைப் பூக்களால் மூடிவிடுகிறார்கள்.