இமயம் தீட்டிய ரோரிக்

கடலையே கண்டு வளர்ந்த தருவைகுளத்து மாணவனாகிய என்னை இமயத்திடம் அழைத்துச் சென்றவர் ஓவியர் நிக்கோலஸ் ரோரிக்.

1874-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார். சட்டமும் ஓவியமும் ஒருங்கே பயின்றார். 1913-இல் பாரிசில் ஸ்ட்ராவின்ஸ்கியின் நாட்டிய நாடகத்திற்கு அரங்கக் காட்சிகள் தீட்டினார். 1928-இல் குலுவின் நக்கரில் குடியேறினார்.

அவர் மலைகளில் பாறை நுணுக்கங்கள் குறைவு. மேடைத் திரைகள்போல் நீலமும் ஊதாவும் அடுக்கடுக்காக எழும். இது வெறும் கற்பனையா? அன்று. இடைப்பட்ட காற்று நீல ஒளியைச் சிதறடிப்பதால் தொலைமலை நீலமாகத் தெரியும் என்பது இயற்பியல். கடலுக்குள் சென்ற எம் மீனவர்க்கும் பனையும் வீடும் மறைந்து, கரை ஒரு கோடாகவே நிற்கும். ரோரிக் விவரத்தை விடுத்துத் தொலைவைத் தீட்டினார்.

போரிலிருந்து கலைச்செல்வங்களைக் காக்க அவர் முயன்று கண்ட உடன்படிக்கை 1935-இல் வாஷிங்டனில் கையெழுத்தாயிற்று. 1947-இல் நக்கரிலேயே மறைந்தார். திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா கலைக்கூடத்தில் அவர் ஓவியங்கள் உள்ளன. நண்பர்களே, சென்று காண்பீர்!