இரு சபையும் கண்ட கிரே பிரபு

ஒரு நுகத்திற் பூட்டிய ஈரெருதுகளுள் ஒன்று செல்ல மறுப்பின் வண்டி நகருமோ? இரு சபைகளையுடைய பார்லிமெண்டின் நிலையும் அன்னதே. மக்கள் தேர்ந்தனுப்பும் காமன்ஸ் சபையும், அக்காலத்தே பெரும்பாலும் பிறப்புரிமையால் அமைந்த பிரபுக்கள் சபையும் மாறுபட்டவிடத்து யாது செய்வது என்னும் வினாவிற்குத் தம் வாழ்வாலேயே விடை பகர்ந்தவர் ஆங்கில நாட்டுச் சார்ல்ஸ் கிரே ஆவர். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

கிரே 1764ஆம் ஆண்டு நார்தம்பர்லாந்திற் பிறந்தார். கேம்பிரிட்ஜிற் பயின்று, 22ஆம் வயதில் காமன்ஸ் சபை புகுந்தார். குடிகள் அற்றுப்போன ஓல்டு சாரம் என்னும் தொகுதி அந்நாளில் இருவரை அனுப்பிற்று. மக்கள் மல்கிய மான்செஸ்டர் நகருக்கோ தனக்கென ஓர் உறுப்பினரும் இலர். இக்கேட்டைக் களையக் கிரே 1797இற் கொணர்ந்த தீர்மானம் 256க்கு 91 என்னும் வோட்டுக்களால் வீழ்ந்தது.

இரு சபையும் இசைந்து செல்லும் நெறியை அவர் 1807இற் கண்டார். அடிமை வாணிகத்தை ஒழிக்கும் முயற்சி, காமன்ஸ் சபை உடன்பட்டும், பிரபுக்கள் சபையிற் பன்முறை தடைப்பட்டிருந்தது. ஆதலின் பிரதம மந்திரி கிரென்வில் பிரபு மசோதாவை முதற்கண் பிரபுக்கள் சபையிலேயே நிறைவேற்றினார். பின்னர்க் காமன்ஸ் சபையில் அதனை நடத்தியவர் கிரேயே. ஆண்டு 283 பேர் ஆதரித்தனர். எதிர்த்தோர் 16 பேரே.

அவ்வாண்டிலேயே தந்தையார் இறக்க, கிரே பிரபுக்கள் சபைக்குச் சென்றார். 1830இற் பிரதம மந்திரியாகித் தம் பழைய நோக்கத்தை மீண்டும் மேற்கொண்டார். 1831 மார்ச்சு மாதத்தில் சீர்திருத்த மசோதாவின் இரண்டாம் வாசிப்பு காமன்ஸ் சபையில் ஒரே வோட்டால் வென்றது. எனினும் பின்னர் அம்மசோதா இடையூறுறவே, சபை கலைக்கப்பட்டது. புதுத் தேர்தலில் மக்கள் கிரேயின் பக்கம் நின்றனர். ஆயினும் அக்டோபரிற் பிரபுக்கள் சபை மசோதாவை 41 வோட்டு மிகையால் மறுத்தது. நாட்டிங்ஹாமிலும் பிரிஸ்டலிலும் கலகம் மூண்டது.

மறு மசோதாவும் 1832 மே மாதத்தில் அச்சபையில் இடருற்றது. அதனை நிறைவேற்றப் போதிய புதிய பிரபுக்களை நியமிக்குமாறு நான்காம் வில்லியம் மன்னரைக் கிரே வேண்டினார். தாமும் பிரபுவாகலின் இவ்வழியை அவர் விரும்பினாரல்லர். வேறு வழியும் இல்லை. மன்னர் இசையாமையாற் பதவி துறந்தார். வெல்லிங்டன் பிரபுவால் அமைச்சு அமைக்க இயலவில்லை. மன்னர் கிரேயை மீட்டும் அழைத்து, அவர் வேண்டியதற்கு இசைந்தார். அஃதறிந்த எதிர்ப்பாளர் பலர் சபைக்கு வாராதொழிந்தனர். ஜூன் 4ஆம் நாள் 106க்கு 22 ஆக மசோதா நிறைவேறிற்று. எடுத்த வாளை வீசாமலே வெற்றி கிட்டியது.

அச்சட்டத்தால் உரிமை பெற்றோர் சொத்துடைய ஆடவரே. பெண்டிர்க்கும் ஏழையர்க்கும் அது கிட்டவில்லை. எனினும் மக்கள் துணிந்ததை மேற்சபை என்றுங் தடுத்து நிற்றல் இயலாதென்பது அன்று புலனாயிற்று. அவ்வுண்மையையே 1911ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்து எழுதிற்று. கிரே 1834இற் பதவி விட்டு, 1845இல் ஹோவிக்கில் மறைந்தார்.

ஆராய்ந்து திருத்துதல் மேற்சபையின் கடன். முடிவு கூறுதல் மக்களின் உரிமை. 35 ஆண்டு தோல்வியிலும் தளராது இவ்வெல்லையை நிலைநாட்டிய கிரேயின் பொறுமையை நாமும் போற்றுவோமாக.